வேம்புக்குக் கட்டிய புடவை

சேக்காட்டில் வந்து தையல்கடை தாட்சாயிணி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆத்தா புடவையை உருவினவள் வீடு எது என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உருவினேன்தான். ஆனால் அது ஆத்தா புடவை இல்லை, என் புடவை. இந்த ஒரு திருத்தத்தைச் சொல்லத்தான் இவ்வளவு கதையும்.

எங்கள் லேஅவுட்டின் முகப்பில், மெயின்ரோட்டை ஒட்டி, பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது. பல வருஷமாக அதில் 'பூங்கா' என்ற பலகை மட்டும்தான் இருந்தது. மீதியெல்லாம் முள்ளும், பிளாஸ்டிக் கவரும், வீடு இடித்த கல்லும். அடுக்குமாடியில் குடிவந்த நிவேதிதாதான் முதலில் கடப்பாரையோடு அதில் இறங்கினாள். நாமக்கல் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகத் தூங்காமல் மண்ணை வெட்டுகிற பைத்தியம் யார் என்று பார்க்கப் போனேன். போனவள் திரும்பவில்லை, அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு கேன் தண்ணீர் என்பது எங்கள் ஏற்பாடு. அரிசி கழுவினது, காய் கழுவினது எதுவானாலும் சரி. அடுக்குமாடிக்காரர்கள் லிஃப்டில் இறக்கிக்கொண்டு வருவார்கள், எங்கள் தெருக்காரர்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு மூட்டுவலி, குனிய முடியாது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே, எந்தக் கன்றுக்கு ஊற்றியாயிற்று, எது காய்கிறது என்று கத்திக்கொண்டிருப்பேன். கத்துவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஊற்றினால் மற்ற நாளெல்லாம் யார் ஊற்றுவது? முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் பாய் ஊற்றினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே ஊற்றினார். மாடு மேயாமல் பழைய டயரைக் கன்றுகளைச் சுற்றி அடுக்கியதும் அவர்தான். அப்படி வளர்ந்ததுதான் ரோட்டோரத்து வரிசை. நடுவில் ஒரு வேம்பு, அதற்கு இரண்டு பக்கமும் புங்கை. நாலு வருஷத்தில் அதன் நிழலில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

எதிர்ச்சாரியில்தான் ராஜசேகரன் அண்ணனின் காம்ப்ளெக்ஸ். அவர் அந்நியர் இல்லை. என் மாமனார் நிலத்துக்கு அடுத்த நிலம் அவர்களுடையது. நிலத்தை விற்று நாங்களெல்லாம் வீடு கட்டினோம், அவர் மட்டும் மூன்று மாடிக் கடை கட்டினார். சாமர்த்தியசாலி. சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, மிஷின் வாளோடும் ஏணியோடும் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, இன்னாண்ணே இது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாச்சா. கெளைய கொஞ்சம் கயிச்சு வுடலாம்னு. கீய மெத்தக் கடக்காரன், போர்டு ரோட்டுக்குத் தெரியலன்னு ஒரே நச்சரிப்பு."

கிளையைக் கழிக்க வந்தவன் வேம்பின் அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏன் சுண்ணாம்புக் கோடு போடுகிறான்? நிவேதிதா முன்னால் போய், "சார், இது பொது இடங்க. மரத்தை வெட்டப் பர்மிஷன் வேணுங்க," என்றாள். "அதெல்லாம் பேசியாச்சும்மா," என்றார் அவர். யாரிடம் பேசினார் என்று சொல்லவில்லை. வாள் உறும ஆரம்பித்தது.

எனக்குக் கோபம் வந்தால் மூட்டுவலி தெரியாது. மடியில் என் புடவை இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. என் கூடப்பிறந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த கோடிப் புடவை, அப்போதுதான் ஃபால்ஸ் தைத்து முடித்திருந்தேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தேன். வேம்பைச் சுற்றிச் சுற்றி வந்து புடவையைக் கட்டி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பர்ஸில் திருவேற்காட்டுக் குங்குமம் இருந்தது. அதையும் எடுத்து மரத்தில் அப்பினேன்.

"இப்போ வெட்டுடா. வெட்டு, பாக்கலாம்!"

வாள்காரன் முதலில் மிஷினை அணைத்தான். பிறகு செருப்பைக் கழற்றினான். "நான் புள்ளகுட்டிக்காரன் தலிவரே. வேற ஆளப் பாத்துக்கோ," என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ராஜசேகரன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை, ஏதோ கணக்குப் போடுகிற பார்வை. மரத்தைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டுவிட்டுப் போகிறவனை நம்பலாம், கும்பிட்டுவிட்டுப் போகிறவனை நம்பக் கூடாது. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். நிவேதிதா என்னைக் கட்டிக்கொண்டாள். பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஊர் பார்க்கத்தான் கட்டினேன், மரத்தைக் காப்பாற்றத்தான் கட்டினேன், அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் வேம்படியில் ஒரு அகல் விளக்கும் எலுமிச்சம்பழமும் இருந்தன. வைத்தவள் கஸ்தூரி. என் பக்கத்து வீடு. நான் கல்யாணமாகி வந்த வருஷம்தான் அவளும் வந்தாள், அன்றிலிருந்து சினேகிதி. "இன்னாடி இது, நான் வெளாட்டுக்குக் கட்னேன்," என்றேன்.

"நீ வெளாட்டுக்குத்தான் கட்ன. அவ வெளாட்டுக்கு வந்து குந்தல," என்றாள் கஸ்தூரி.

அவள் மகள் சுரேகாவுக்குக் கழுத்தெல்லாம் மரு. மாரியாத்தாவுக்கு உப்பும் மிளகும் கொட்டினால் மரு உதிரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. நானே திருவேற்காட்டில் கொட்டியிருக்கிறேன். கஸ்தூரி இந்த வேம்படியில் கொட்டினாள். மரு உதிர்ந்துவிட்டது. மருந்தும் போட்டுக்கொண்டிருந்தாள், அதை யாரும் பேசவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். நாங்கள் மரத்தைப் பிடிக்கப் போக, ஆத்தாளே வந்து உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய், வெள்ளியானால் பருத்திப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். உப்பு, மிளகுப் பொட்டலம் விற்க ஒரு தள்ளுவண்டியே வந்துவிட்டது. என் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, "அந்தப் பொடவ காத்துல பறந்து வந்து தானா மரத்தச் சுத்திக்கிச்சாமே?" என்று என்னிடமே கேட்டாள். டேப்பை அவள் தோளில் வைத்தபடி, "நான்தாங்க கட்னேன்," என்றேன். "அப்பிடிச் சொல்லாதம்மா, வாய் அயுவிப் பூடும்," என்றாள். துணியைக் கொடுக்காமல் போய்விட்டாள்.

ஆனி பிறந்ததும் வேம்பின் இலை பழுக்க ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தோம். பிறகு இலையின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியது போலக் கருகியது. நிவேதிதா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அக்கா, கரிக்குது."

நானும் வைத்துப் பார்த்தேன். கருவாட்டுப் பானையை நக்கியது போல இருந்தது. கொட்டின உப்பெல்லாம் அபிஷேகத் தண்ணீரில் கரைந்து வேருக்குப் போயிருந்தது. எங்கள் கை ஊற்றி வளர்த்த மரத்தை எங்கள் கும்பிடே கொன்றுகொண்டிருந்தது. நிவேதிதா அன்றைக்கே ஒரு பலகை எழுதி நட்டாள்: 'உப்புக் கொட்டாதீர்கள். மரம் பட்டுப்போகும்.' மறுநாள் போய்ப் பார்த்தால் பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மரத்தைச் சுற்றி இருந்த டயர் இல்லை. பாயும் இல்லை. அவர் கடைக்குப் போனேன். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், மரத்துக்குத் தண்ணி ஊத்தறதில்லியா?"

அவர் நிமிரவில்லை. "நீங்க சிரமப்பட வேணாம் பாய், இனிமே நாங்க பாத்துக்கறோம்னு ராஜசேகரன் சார் சொன்னாரும்மா. மரியாதையாத்தான் சொன்னாரு. ஒதுங்கிக்கினேன்."

"நீ ஏன் என்னாண்ட சொல்லல?"

"நீ கட்ன பொடவையாச்சேம்மா. உன்னாண்ட இன்னான்னு வந்து சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷம் தண்ணீர் ஊற்றின மனுஷனை அந்த மரத்துக்குப் பக்கத்தில் வரவிடாமல் செய்தது என் முடிச்சு. அவமானமாக இருந்தது. அவமானம் எனக்கு ரொம்ப நேரம் தங்காது, கோபமாக மாறிவிடும். நேரே எதிர்ச்சாரிக்குப் போனேன்.

ராஜசேகரன் அண்ணன் வாசலில் நின்று பேனர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மூன்றாம் வெள்ளி ஆலயத் திருப்பணி பூமி பூஜை. விழாக் கமிட்டித் தலைவர் என்று அவர் கைகூப்பிய படம், அதற்குக் கீழே மெத்தைக் கடை விளம்பரம்.

"அண்ணே, மரம் சாவுது. உப்புக் கொட்றத நிறுத்தச் சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாங்க."

"மரம் போனா இன்னா தாச்சா? அந்த எடத்துல செல வெச்சிரலாம். மேடை போட்டு, ஷீட்டு போட்டு, ஜோராக் கட்டிரலாம். அந்தப் புங்க மரத்தெல்லாம் எடுத்துட்டா முன்னாடி எடம் கெடைக்கும். ஆத்தாவுக்கு எடம் வேணுமில்ல?"

அப்போதுதான் அவர் அன்றைக்குப் போட்ட கணக்கு எனக்கு விளங்கியது. வாளால் முடியாததைக் கோயிலால் முடிக்கிறார். ஒரு மரத்தை வெட்ட வந்தவர் இப்போது மொத்த வரிசையையும் எடுக்கப் போகிறார், ஊரே தேங்காய் உடைத்து வழியனுப்பப் போகிறது. மெத்தைக் கடை போர்டு ஆவடி வரைக்கும் தெரியும்.

"நாங்க வுட மாட்டோம்ணே."

அவர் சிரித்தார். "உன் கையால கட்ன சாமி. நீயே வேணாம்னு சொல்லுவியா? கமிட்டில உன் பேரத்தான் மொதல்ல போடச் சொல்லிக்கீறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். அதை நானேதான் எடுத்து எறிய வேண்டும். நிவேதிதா மனு எழுதிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனாள். மரத்தை வெட்டக் கூடாதுதான், ஆனால் கோயில் என்றால் பிரச்சினையாகும் என்று கைவிரித்தார்களாம். "அக்கா, கோயில்னு ஆகிட்டா யாரும் கிட்ட வரமாட்டாங்க," என்றாள். கோயில் என்று ஆனது எதனால்? ஒரு புடவையால். அப்படியென்றால் அந்தப் புடவை அங்கே இருக்கக் கூடாது.

சொல்வது சுலபம். எனக்குச் சாமி பயம் உண்டு. ஆடியில் கூழ் ஊற்றுகிறவள் நான். பூமி பூஜை வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் பூஜை ஷெல்ஃப் முன்னால் நின்றேன். 'தாயே, உன்னைக் கூப்பிட்டது நான். மரத்தைக் காப்பாத்தத்தான் கூப்பிட்டேன். தப்புன்னா என்னைக் கேளு, என் புள்ளைங்களைக் கேக்காதே,' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பூங்காவில் கூட்டம் நெரிந்தது. மைக் செட் காதைக் கிழித்தது. செங்கல் வந்து இறங்கியிருந்தது. ஒரு ஓரத்தில் அதே மிஷின் வாள், அதே ஆள், இந்தத் தடவை நெற்றியில் பட்டை. நான் போனதும் வழி விட்டார்கள். கட்டினவள் வருகிறாள் என்று ஒரு குரல் கேட்டது. ராஜசேகரன் அண்ணன் மாலையோடு எதிரே வந்தார்.

நான் மாலையை வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன்.

"இந்தப் பொடவ யாருது?" என்று கேட்டேன்.

"இன்னா தாச்சா கேள்வி இது? ஆத்தாளுது," என்றார் அண்ணன்.

"ஆத்தா எந்தக் கடையில எடுத்தா?"

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். நான் மரத்திடம் போய்ப் புடவையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "இந்த ஃபால்ஸ் என் கையால தச்சது. இந்த ஊர்ல பாதிப் பேர் கட்டிக்கினு கீற பொடவைக்கு நான்தான் ஃபால்ஸ் தச்சுக்கீறேன், உங்க பொடவ ஓரத்தத் திருப்பிப் பாத்துக்கோங்க. இது என் பொடவ. என் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. மரத்த வெட்ட வந்தாங்கன்னு கட்னேன். இப்ப அதே ஆளு, அதே மரத்த வெட்ட, அதே வாளோட வந்து நிக்கறாரு. அத்தொட்டு நான் அவுக்கறேன்."

முடிச்சில் கை வைத்தேன். கஸ்தூரி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி. குடும்பம் நாசமாப் பூடும். கைய எடு."

"மேல பாரு கஸ்தூரி."

"கைய எடுடின்றேன்!"

"நீ மொதல்ல மேல பாரு. ஒரு எல கீதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு வைக்க வந்தாள், உப்புக் கொட்ட வந்தாள், சுற்றி வந்து விழுந்து கும்பிட்டாள். இத்தனை நாளும் அவள் பார்த்ததெல்லாம் புடவையைத்தான். ஆடி மாதத்தில், வேம்பு குடை பிடிக்க வேண்டிய மாதத்தில், அது விறகாக நின்றது.

"ஆத்தா வேம்புலதான கீறா?" என்றேன். "அவ வாயில உப்பக் கொட்டி, கால்ல சிமெண்ட்டு ஊத்திட்டா, அவ எங்கடி போவா?"

கஸ்தூரி என் கையை விட்டாள்.

நான் அவிழ்த்தேன். குங்குமமும் எண்ணெயும் ஏறி முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் நெகிழ்த்த வேண்டியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து கட்டினதைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தேன். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். யாரோ தேங்காய் மூடியை எறிந்தார்கள், தோளில் பட்டது. நான் நிற்கவில்லை. புடவைக்குள்ளே இருந்த மரப்பட்டை எண்ணெயும் ஈரமும் ஏறி வெடித்துக் கறுத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சுற்றினேன்.

"சாமி விசயத்துல கை வெச்சுட்ட. ஸ்டேசன்ல எயுதிக் குடுக்கப் போறேன்," என்று ராஜசேகரன் அண்ணன் கத்தினார்.

"ஒயுங்கா எயுதுங்கண்ணே. தாட்சாயிணி, தையல் கட, சேக்காடு. என் பொடவைய நான் எடுத்துக்கினேன்னு எயுதுங்க. அப்பிடியே, பூங்காவுல மரத்த வெட்ட வாள் எடுத்துக்கினு வந்தது யாருன்னும் எயுதுங்க."

நிவேதிதா தன் போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். வாள்காரன் அதைப் பார்த்தான். அன்றைக்குச் செருப்பைக் கழற்றினவன், இந்த முறை போட்டுக்கொண்டு போவதற்குத் தேடினான்.

கூட்டத்தில் பாதி சாபம் விட்டுக்கொண்டே கலைந்தது. மீதி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. "பாய்!" என்று நான் கத்தினேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே. "பாய், தண்ணி எடுத்தா!" இஸ்மாயில் பாய் பூங்காவுக்கு வெளியே இரண்டு கேனோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தயங்கினார். "அவன் ஊத்தக் கூடாது," என்று ஒரு குரல் வந்தது.

"நாலு வருசமா அவரு ஊத்துன தண்ணியத்தான் உன் ஆத்தா குடிச்சா," என்றேன். "இன்னிக்குத்தான் கசக்குதா?"

பாய் வந்தார். அவர் ஊற்றுவதற்கு முன்னால் கஸ்தூரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் உப்பு மண்ணை வழித்து மடியில் அள்ளினாள். "கொஞ்சம் இரு பாய், இத எடுத்துட்றேன். என் உப்பும் இதுல கீது," என்றாள்.

அதற்குப் பிறகு வேலைதான். அடி மண்ணையெல்லாம் வெட்டி எடுத்து, வேறு மண் போட்டு, ஆவணி முழுக்கத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினோம். அடுக்குமாடியில் இருந்து கேன் வந்தது, எங்கள் தெருவில் இருந்து குறைந்துவிட்டது. புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, ஆத்தா பார்த்துவிட்டாள் என்று ஊர் பேசியது. சுரேகாவுக்கும் அதே வாரம் அதே காய்ச்சல், அவளுக்கு ஊர் கொசு என்றது. ராஜசேகரன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவர் செங்கல் இன்னும் ரோட்டோரத்தில்தான் கிடக்கிறது, மெத்தைக் கடை போர்டு இன்னும் புங்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. வேறு வாள் வரும், எனக்குத் தெரியும். வரட்டும்.

வேம்பு முழுதாகப் பிழைக்கவில்லை. ரோட்டுப் பக்கத்துக் கிளைகள் காய்ந்தே போயின. பூங்காப் பக்கத்தில் மட்டும், ஐப்பசி மழைக்குப் பிறகு, செக்கச்செவேலென்று துளிர் விட்டது. முதலில் பார்த்தவர் பாய்தான். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னார்.

அந்தப் புடவையை எத்தனை தடவை அலசியும் குங்குமக் கறை போகவில்லை, எண்ணெய் வாடையும் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்ட முடியாது. எரித்துவிடு என்றார்கள், ஆற்றில் விடு என்றார்கள். நான் கட்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கறையோடேதான் பூங்காவுக்குப் போய் நாற்காலியில் உட்காருகிறேன். அந்த மஞ்சளைக் கண்டதும் சில பெண்கள் இன்னும் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும், நான் தடுப்பதில்லை. போட்டு முடித்ததும் ஒரு கேனைக் கையில் கொடுத்து, எந்த மரத்துக்கு இன்னும் ஊற்றவில்லை என்று கத்துகிறேன். மறுபேச்சுப் பேசாமல் போய் ஊற்றிவிட்டு வருகிறார்கள்.